பூட்டிய கேட்டும் கடலுக்குப் போகும் வழியும்: புறநகராகிவிட்ட ஒரு குப்பத்தின் நிகழ்வு ஆய்வு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று பஞ்சாயத்தார், அதாவது ஊர் நடப்பைக் கவனிக்கும் மீனவப் பெரியவர்கள், கேட்டுக்கொண்டார்கள். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் அதனால் விட்டிருக்கிறேன். நில ஆவணங்களைப் படித்துச் சொல்லும் வேலைக்காக அந்த ஊருக்குப் போன குழுவில் நானும் ஒருவன். மனைப்பிரிவுகள் இப்போதுதான் நெருங்கி வரும் கடலோர ஊர்களுக்கு இந்த விவரம் கைகொடுக்கும் என்பதால் முதலிலிருந்து முடிவு வரை எழுதுகிறேன்.

பின்புலம்

பெரியவர்கள் நினைவில் இருக்கும் ஊர் வேறு மாதிரியானது. கடலோரம் மணல், அதை ஒட்டிக் குடிசைகள், அதற்கு மேற்கே சாலை வரைக்கும் சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும். தோப்புகளின் சொந்தக்காரர்கள் நகரத்தில் இருந்தார்கள். காவலுக்கு இருந்தது குப்பத்து ஆட்கள்தான். தோப்புக்குள் ஓடிய வண்டிப்பாதை வழியாகத்தான் மீன்கூடை சாலைக்குப் போனது, அரிசியும் ஐஸும் ஊருக்குள் வந்தது. அந்தப் பாதையில் நடக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அதனாலேயே அது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக ஐடி கம்பெனிகள் வந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே காலத்தில் மேம்படுத்தப்பட்டுச் சுங்கச்சாலையானது. சவுக்கு வெட்டிய தோப்பில் மறுபடி சவுக்கு நடவில்லை, கல் நட்டார்கள். பட்டா நிலம் வைத்திருந்த சில மீனவக் குடும்பங்களும் விற்றன. அந்தப் பணத்தில் கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறினார்கள், எஞ்சின் வாங்கினார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். வெளியாட்கள் வந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். மனை விற்ற தரகர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலம் இன்னொரு முறை கைமாறியது. 2005 மார்ச் இறுதியில் வந்த அரசாணை 172இன்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லை) 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் மேற்கே தள்ளிப் போனால் அரசு வீடு கிடைக்கும். அதற்குப் பதிலாகப் பழைய வீட்டு இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போகாதவர்கள் இருந்த இடத்தில் இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு அரசு உதவி கிடையாது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி புதுக் குடியிருப்புக்குப் போனது, மற்றவர்கள் கரையிலேயே நின்றார்கள். விட்டுக்கொடுத்த மனைகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் வலை போட்டார்கள், படகு ஏற்றினார்கள்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இந்த ஊரும் உள்ளே வந்தது. சாலை விளக்கும் குப்பை வண்டியும் வந்தன. வரியும் வந்தது. கிணற்று நீர் அதற்குள் உப்பேறிவிட்டது. மணலுக்கடியில் மெல்லிய அடுக்காக நிற்கும் நல்ல தண்ணீரைச் சுற்றிலும் ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வராமல் என்ன செய்யும்? குப்பத்து வீடுகள் மாடி ஏறின. மாடியில் முதலில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், பிறகு கம்பெனி வேலைக்குப் போகும் இளைஞர்கள். பல வீடுகளில் கடல் வருமானத்தைவிட வாடகைதான் நிச்சயமானது. இந்த வாடகைக்காரர்கள் ஊருக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணம்) கொடுப்பதில்லை, ஊர்க்கூட்டத்தில் உட்காருவதும் இல்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

கேட் வந்தது

பழைய தோப்பின் இடத்தில் எழுந்த மனைப்பிரிவில், 2010களின் நடுவில், குடியிருப்போர் சங்கம் ஒரு கேட் போட்டது. சில வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. இரவு 10 மணிக்குப் பூட்டி விடியற்காலை 5 மணிக்குத் திறப்பார்கள். பகலில் வருகிறவர்கள் காவலாளியிடம் பெயர் எழுத வேண்டும்.

ஒரு மீனவக் குப்பம் அதிகம் நடமாடுகிற நேரமே அந்த ஏழு மணி நேரம்தான். சொந்தக் கரையில் மீன்பாடு குறைந்த நாட்களில் பெண்கள் வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வருவார்கள். அவர்களை ஏற்றும் வேன் பின்னிரவில் சாலையில் வந்து நிற்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸும் எரிபொருளும் வருவதும் விடிவதற்கு முன்புதான். கேட் பூட்டியிருந்தால் வடக்கே சுற்றி, வெளிச்சமில்லாத சந்து வழியாகத் தலைச்சுமையோடு நடக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகுத் தடையில் சிறு படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்தப் பருவத்தில் ஐஸ் வண்டி தாமதமானால் விலை கையை விட்டுப் போய்விடும்.

மீன் விற்கும் ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “யாரு வீட்டுக்குப் போறன்னு கேக்குறான் தம்பி. எங்க வீட்டுக்குத்தான் போறேன்னா, எழுதுறதுக்கு அதுல கட்டம் இல்லன்றான்.”

அதே காலத்தில் ஊருக்குத் தெற்கே இன்னொன்றும் நடந்தது. கருவாடு காயவைக்கும் மணல்திட்டின் ஓரத்தில் ஒரு கடற்கரை வீட்டின் மதில் கிழக்கே நகர்ந்திருந்தது. எப்போது நகர்ந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட் ஒரே நாளில் வந்ததால் ஊர் கொதித்தது. மதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் பேச்சே எழவில்லை. பறிபோன அளவில் பார்த்தால் மதில்தான் பெரியது.

ஊர்க்கூட்டம்

முதல் கூட்டத்தில் இளைஞர்கள் சாலை மறியல் கேட்டார்கள். பஞ்சாயத்தாரில் சிலர் வழக்குப் போடலாம் என்றார்கள். இரண்டையும் ஒத்திவைக்கக் காரணங்கள் இருந்தன.

மறியலுக்கு எதிராக முதலில் பேசியது அந்தக் குடியிருப்பிலேயே வேலை பார்த்தவர்கள். கேட்டில் நின்ற காவலாளிகளில் இருவர் ஊர்ப் பையன்கள். உள்ளே வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர். மறியல் நடந்தால் அடுத்த நாள் அவர்கள் வேலை போகும். முன்பு ஒரு மறியலில் பெயர் ஏறிய பையன்கள் வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்க அலைந்ததும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

வழக்கில் இருந்த சிக்கல் வேறு. ‘கடற்கரைப் புறம்போக்கு முழுவதையும் அளந்து ஆக்கிரமிப்பை அகற்று’ என்று கேட்கலாம் என்பதுதான் கூட்டத்தில் பலருக்குப் பிடித்த யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மதிலை அகற்றப் பயன்படும் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், பட்டா இல்லாத குப்பத்து வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும். தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் பதிவேட்டில் பல வீடுகள் நிற்பது புறம்போக்கில்தான். மொத்தக் கரையையும் அளக்கச் சொல்லி ஆணை வாங்கினால், முதல் நோட்டீஸ் மதிலுக்கு வருமா குடிசைக்கு வருமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதைக் கூட்டத்தில் விளக்கியபோது நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. பயமுறுத்துகிறோம் என்று எங்கள் குழுவின் மேல் கோபமும் வந்தது. இந்த ஆபத்தைச் சொல்லாமல் ஊரை வழக்குக்குள் இறக்குவது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முடிவு இப்படி ஆனது: கேட்டையும் மதிலையும் தனித்தனியாக எடுப்பது, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தச் சர்வே எண்ணுக்குள் மட்டுமே கேட்பது, காகிதம் கைக்கு வரும் வரை யாரோடும் மோதாமல் இருப்பது, அதுவரை கேட்டில் நடப்பதை நாள் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுவது. நோட்டு எழுதும் பொறுப்பை மகளிர் குழுவில் பத்தாம் வகுப்பு படித்திருந்த ஒரு பெண் எடுத்துக்கொண்டார்.

காகிதங்களில் இருந்தது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய மனுக்கள் போயின. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்த வரைபடம், சாலைகளுக்கான தானப்பத்திரம், தோப்பு நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம், எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டு நகல் ஆகியவற்றைக் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். சிலவற்றுக்கு மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தே எடுத்துவிட முடிந்தது. அதுதான் வேகமான வழி.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது அதன் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இங்கேயும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேட் நின்ற தெரு, சாலையிலிருந்து குப்பத்தின் எல்லை வரைக்கும், பொதுச் சாலை. பழைய வண்டிப்பாதை ஓடிய தடத்திலேயே பெரும்பாலும் அது அமைந்திருந்தது. வரைபடம் போட்டவர் இருந்த வழியை ஒட்டியே கோடு இழுத்திருக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்துக்கு இது தெரியாது. மனை வாங்கும்போது அவர்களிடம் ‘சுற்றிலும் பாதுகாப்பான தனிக் குடியிருப்பு’ என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். தெரு தங்களுடையது என்று உண்மையாகவே நம்பினார்கள். விற்றவர் அதற்குள் வேறு ஊரில் மனை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதரிடம் போயிருக்க வேண்டியது.

காகித வேலைக்கு நடுவே ஊரின் பயன்பாட்டு வரைபடம் ஒன்றும் தயாரானது. கிராம வரைபடத்தின் பெரிய நகலை விரித்து, எந்த இடத்தில் என்ன நடக்கிறது, எந்த மாதத்தில் நடக்கிறது என்று குறித்தோம். ஆண்கள் முதலில் குறித்துக் கொடுத்தது படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் நீளம், வலை பழுது பார்க்கும் பந்தல், ஏலம் நடக்கும் இடம். பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் கருவாட்டுத் திட்டு, மீன் கழுவும் இடம், விடியற்காலையில் வேனுக்குக் காத்திருக்கும் மூலை, உப்பேறாமல் மிச்சமிருந்த ஒரு கிணறு ஆகியவை படத்தில் ஏறின. வாடைக் காற்று வீசும் மாதங்களில் படகுகளை இன்னும் மேற்கே ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி ஏற்றும் மனைகள் கோடையில் காலியாகத் தெரியும். அரசு ஆட்கள் பார்வையிட வந்தது கோடையில். ‘இங்கே ஒன்றும் இல்லையே’ என்று அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னது அந்த மாதவாரிக் குறிப்புதான்.

இதற்குச் சட்ட ஆதாரமும் இருந்தது. கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வரையறுத்து 2011 ஜனவரி 6இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொது இடங்கள், மீன் உலர்த்தும் தளங்கள், ஐஸ் ஆலைகள் ஆகியவற்றைக் கிராம அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போட வேண்டும் என்றும் சொன்னது. மதில் விஷயத்தில் ஊர் தன்னை ஆக்கிரமிப்பாளராகக் காட்டிக்கொள்ளாமல், பதிவாக வேண்டிய பொது இடத்தின் உரிமைக்காரராகப் பேச முடிந்தது இந்த வரிகளால்தான்.

பேச்சு, அளவை

காகிதங்களோடு சங்கத்திடம் போகலாமா, நேரே மாநகராட்சிக்குப் போகலாமா என்ற கேள்வி இருந்தபோதே 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மனைப்பிரிவின் தெருக்களில் மரங்கள் விழுந்து வண்டி எதுவும் நகர முடியவில்லை. குப்பத்துப் பையன்கள் கோடரியோடு போய் வழியைத் திறந்தார்கள். தங்கள் வழியும் அதுதானே. அந்த நாட்களில் கேட் பூட்டப்படவில்லை. முகம் தெரியாமல் இருந்தவர்கள் முகம் பார்த்துப் பேசினார்கள்.

அதன் பிறகு நடந்த கூட்டத்துக்குப் பஞ்சாயத்தாரோடு நோட்டு எழுதிய பெண்ணும் போனார். தானப்பத்திர நகலைச் சங்கச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும் வரை யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்து அந்த நோட்டு. காவலாளியின் மேல் பழி வராதபடி, என்ன நேரத்தில் எத்தனை பேர் திரும்ப வேண்டியிருந்தது என்று மட்டும் அதில் இருந்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் சங்கத்தில் இருந்தார். பொதுத் தெருவில் கேட் நிற்க முடியாது என்பதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னது அவர்தான். சங்கம் ஒரே தடவையில் ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் போகும் பைக்குகள் பற்றியும் இரவில் கடற்கரைக்குக் குடிக்க வரும் வெளியாட்கள் பற்றியும் அவர்களுக்குக் குறை இருந்தது. அந்தக் குறை ஊருக்கும் இருந்தது.

கடைசியில் கேட்டின் கதவுகளைக் கழற்றிவிட்டு, தூண்களையும் காவலாளி நிற்கும் கூண்டையும் விட்டுவைத்தார்கள். பெயர் எழுதும் நோட்டு போனது. தெரு முனையில் கேமரா வந்தது. இது எழுத்தில் ஒப்பந்தமாகி இரு தரப்பும் கையெழுத்திட்டு, நகல் வார்டு அலுவலகத்திலும் கொடுக்கப்பட்டது.

மதில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்த மனுவில் ஒரே ஒரு சர்வே எண்ணின் எல்லையை மட்டும் அளக்கக் கேட்டிருந்தோம். சர்வேயர் வர மாதங்கள் ஆயின. தேதி குறித்த பிறகு இரண்டு முறை தள்ளிப்போனது. அளந்தபோது, நகர்ந்த மதிலின் ஒரு பகுதி புறம்போக்கில் இருப்பது தெரிந்தது. 1905 சட்டத்தின் 7ஆவது பிரிவில் நோட்டீஸ் போனது. இடிக்க ஆள் வருவதற்குள் உரிமையாளரே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். ஆனால் மதிலின் மீதிப் பகுதி முறையான பட்டா நிலத்துக்குள் இருந்தது. ஊர் எவ்வளவோ காலம் கருவாடு காயவைத்த மணலில் பாதி, ஆரம்பத்திலிருந்தே வேறொருவர் பெயரில் இருந்திருக்கிறது. அது திரும்பவில்லை, இனித் திரும்பாது.

பிறகு நடந்தவை

வழி திறந்ததால் காசிமேடு போகும் பெண்களின் சுற்று நின்றது. ஐஸ் வண்டி ஊருக்குள் வருகிறது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மனைப்பிரிவின் முனையிலேயே காலையில் நான்கைந்து பேர் மீன் விற்க உட்கார்ந்தார்கள். குடியிருப்புக்காரர்களே வாங்கினார்கள். சில மாதத்தில் வாசனையும் கழிவுநீரும் புகாராக வந்தன. இதற்கும் உட்கார்ந்து பேசி, கழுவும் இடம் வேறு, விற்கும் இடம் வேறு என்று பிரித்தார்கள். இப்போதும் அவ்வப்போது சண்டை வருகிறது. சண்டை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரு பக்கத்துக்கும் தெரிந்திருப்பதுதான் வித்தியாசம்.

கருவாடு போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மிஞ்சிய திட்டில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. வயதான இரண்டு பெண்கள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். வழி மீட்ட கணக்கில் இந்த இழப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கரைவலை அநேகமாக நின்றுவிட்டது. அதற்குக் கேட்டோ மதிலோ மட்டும் காரணமில்லை. இழுக்க ஆள் வேண்டும், ஆட்கள் இப்போது மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

நான் எதிர்பார்க்காத பலன் சுனாமிக்குப் பிறகு விட்டுக்கொடுத்த மனைகளில் இருந்தது. அரசாணை வந்தபோது ஊரில் பெரிய மனக்கசப்பை உண்டாக்கிய விஷயம் அது. ஆனால் அந்த மனைகள் அரசு பெயருக்குப் போனதால் யாராலும் விற்க முடியவில்லை. விற்க முடிந்த இடமெல்லாம் போய்விட்ட கரையில், படகு ஏற்ற மிஞ்சியது அவைதான். விலகிப் போனவர்கள் ஊருக்கு விட்டுச் சென்ற இடம் என்று பஞ்சாயத்தார் இப்போது சொல்கிறார்கள். புதுக் குடியிருப்புக்காரர்களுக்கும் கரையில் இருப்பவர்களுக்கும் இருந்த பழைய கசப்பு இதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இன்னொரு ஊரில் இதை எப்படிச் செய்யலாம்

முதலில் நேரம். மனைப்பிரிவு ஒப்புதலுக்குப் போகும் முன்பே, தோப்பில் கல் நடும் நாளிலேயே, ஊர் தன் வழியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இங்கே தெரு பொதுச் சாலையாக அமைந்தது நல்ல வாய்ப்பு. வரைபடம் போட்டவர் கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டு அங்கே மனை வைத்திருந்தால், எந்தத் தானப்பத்திரமும் உதவியிருக்காது.

பயன்பாட்டு வரைபடத்தைப் பிரச்சினை வந்த பிறகு அவசரமாகப் போடாமல், ஒரு வருடம் முழுக்கப் பருவம் பார்த்துப் போடுவது நல்லது. அதில் பட்டா இடத்தையும் புறம்போக்கையும் வேறு நிறத்தில் காட்ட வேண்டும். கருவாட்டுத் திட்டில் பாதி தனியார் பட்டா என்று பத்து வருடம் முன்பே தெரிந்திருந்தால், விலை ஏறும் முன்பு ஊரே சேர்ந்து வாங்கவோ குத்தகை எழுதவோ முயன்றிருக்கலாம். திருவிழாவுக்கு வரி போட்டு நிதி திரட்டத் தெரிந்த ஊருக்கு அது முடியாத காரியம் இல்லை.

அளவை கேட்கும்போது குறுகலாகக் கேட்பது என்ற முடிவை எந்த ஊருக்கும் மறுபடி சொல்வேன். வீடுகளுக்குப் பட்டா வாங்கும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். அது முடியாமல் புறம்போக்கு முழுவதையும் தொடக்கூடாது.

ஊர்க்கூட்டத்தின் அமைப்பும் மாற வேண்டும். வழி பூட்டியதில் அதிகம் கஷ்டப்பட்டது பெண்கள். வரைபடத்தின் முக்கியமான பாதி அவர்கள் சொன்னது. நோட்டை எழுதியது ஒரு பெண். ஆனாலும் முடிவெடுக்கும் பாயில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை, செய்தி சொல்லித்தான் அனுப்பினார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் அதே கேட் வழியாக இரவு வேலை முடிந்து வந்தவர்கள்தான். சங்கத்தோடு பேச அவர்களில் ஒருவர் இருந்திருந்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போதைய நிலை

2019 ஜனவரி 18இல் வந்த புதிய கடற்கரை அறிவிக்கையை ஒட்டிய வரைபடங்களில் தங்கள் பொது இடங்கள் ஏற வேண்டும் என்று ஊர் தன் வரைபடத்தை இணைத்து மனு கொடுத்திருக்கிறது. விட்டுக்கொடுத்த மனைகளில் மூன்றைச் சேர்த்து வலை பின்னும் கூடம் கட்ட மீன்வளத் துறையிடம் கேட்டிருக்கிறார்கள். எழுத்துப்பூர்வ பதில் இன்னும் வரவில்லை. கரையில் விளக்குகளோடு நடைபாதை அமைக்கும் பேச்சும் அடிபடுகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. படகு ஏறும் இடமும் அதுவே. திட்டம் காகிதத்துக்கு வரும் முன்பே மகளிர் குழு அந்த இடத்துக்கான மாதவாரிக் குறிப்பை எழுதத் தொடங்கிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் இரண்டு பெண்களை உட்காரவைப்பது பற்றி அடுத்த திருவிழாக் கூட்டத்தில் முடிவெடுப்பதாகப் பஞ்சாயத்தார் சொல்லியிருக்கிறார்கள்.